இலை இல்லாத ஓக் மரம்

மரத்தை வெறும் மரமாகப் பார்ப்பது நம்மவர்களுக்குப் பழக்கமில்லை. அரசமரம் என்றால் அடியில் பிள்ளையார் இருக்கவேண்டும். வேப்பமரம் என்றால் மஞ்சள் துணியும் அம்மனும். புளியமரம் என்றால் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகக்கூடாது. சங்க காலத்து மன்னர்களுக்குக் காவல் மரம் என்று ஒன்று இருந்தது. பகைவன் படையெடுத்து வந்தால் முதலில் அதைத்தான் வெட்டுவான். மரம் பாட்டுக்கு நிற்கிறது. அதன் தலையில் சுமையை ஏற்றுகிறவர்கள் நாம்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மன் பேசும் ராஜ்யங்களில், அச்சுப்படம் செய்த ஓவியர்கள் மரங்களின் தலையில் எதை ஏற்றினார்கள், அந்தச் சுமை பிறகு யார் யார் கைக்கு மாறியது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

உமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். முப்பத்து நான்கு வருஷம் அச்சுத் தொழிலில் இருந்தவன் நான். பெரும்பகுதி ப்ளேட் செய்கிற பிரிவில். ஒரு படத்தைக் காட்டினால் இது எப்படி அச்சாயிற்று என்றுதான் முதலில் பார்ப்பேன். என்ன படம் என்பது அப்புறம். ஓய்வு பெற்றபின், ம்யூசியங்களின் இணையதளங்களில் பழைய அச்சுப்படங்களைப் பெரிதாக்கி, கோடு கோடாகப் பார்ப்பது பொழுதுபோக்காகிவிட்டது. பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. எதை எடுத்தாலும் மரம். அதிலும் பாதிக்கு மேல் இலை உதிர்ந்த ஓக் மரம்.

ரொமான்டிக் என்றால்

கலை வரலாற்றில் வருகிற 'ரொமான்டிக்' என்ற சொல்லுக்கும், நம் சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் மரத்தைச் சுற்றிவந்து பாடுவதற்கும் சம்பந்தமில்லை. ஏறக்குறைய 1790-களில் தொடங்கி 1840 வரை ஓடிய ஒரு மனப்போக்கு அது. எல்லாவற்றையும் அறிவால் அளந்துவிடலாம் என்ற முந்தைய தலைமுறையின் நம்பிக்கை அலுத்துப்போய், தனிமை, ஏக்கம், மரணம், பழங்காலம், இயற்கைக்குள் ஒளிந்திருக்கும் தெய்வம் என்று மனம் திரும்பிய காலம். பிரெஞ்சுப் புரட்சி, பிறகு நெப்போலியனின் படையெடுப்பு என்று ஐரோப்பா கொந்தளித்த காலமும் அதுதான்.

அதுவரை நிலக்காட்சி என்றால் பெரும்பாலும் புராணக் கதைக்கோ பைபிள் கதைக்கோ பின்னணித் திரை. ரொமான்டிக் ஓவியர்கள் கதாபாத்திரங்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டுப் பின்னணித் திரையையே கதாபாத்திரமாக்கினார்கள். அப்போது வசனம் பேசவேண்டிய பொறுப்பு மரத்தின்மேல் விழுந்தது.

ஓவியத்தை விட்டு அச்சுப்படத்தைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் ஓவியம் ஒன்றே ஒன்றுதான். ராஜாவோ பணக்காரரோ வாங்கிக்கொண்டு போய்விடுவார். அச்சுப்படம் பள்ளி ஆசிரியர் வீட்டுக்கும் பாதிரியார் வீட்டுக்கும் போகும். ஒரு மரத்துக்கு ஊர் முழுக்க ஒரே அர்த்தம் பரவவேண்டுமானால் அது காகிதத்தில் ஏறித்தான் பரவமுடியும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ரூஸோவின் சமாதி. தத்துவ ஞானி ரூஸோ 1778-ல் காலமானபோது, பாரிஸுக்கு வடக்கே எர்மெனோன்வில் என்ற இடத்தில் ஏரி நடுவே ஒரு சின்னத் தீவில் அடக்கம் செய்தார்கள். தீவைச் சுற்றி ஒல்லியாக, உயரமாக பாப்லர் மரங்கள். மொரோ என்ற ஓவியர் அந்தக் காட்சியை அதே வருஷம் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். பாப்லர் மரங்களும் சமாதியுமாக அந்தக் காட்சி அச்சுப்படங்களின் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவிற்று. ஜெர்மனியில் டெஸ்ஸா நகரத்துக்குப் பக்கத்தில் வோர்லிட்ஸ் என்ற இடத்தில் பெரிய பூங்கா அமைத்த இளவரசர், 1782-ல் தன் ஏரியிலும் அதேபோல ஒரு தீவு கட்டி பாப்லர் நட்டுவைத்தார். 1794-ல் ரூஸோவின் உடலைத் தோண்டி எடுத்து பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடல் போன பிறகும் மரங்களுக்கு அந்த அர்த்தம் போகவில்லை. ஏரி நடுவே நான்கு பாப்லர் என்றால் ரூஸோ என்று ஆகிவிட்டது.

கோட்டுக்கு ஏற்ற மரம்

தொழில் விஷயமாகக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் படம் அச்சிட முக்கியமாக மூன்று வழிகள் இருந்தன. ஒன்று மரக்கட்டை. அச்சாக வேண்டிய கோட்டை மேடாக விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் உளியால் தோண்டி எடுத்துவிட வேண்டும். மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று வேண்டுமானால் அதன் இரண்டு பக்கமும் செதுக்கவேண்டும். இரண்டாவது செப்புத் தகடு. தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்து பூசி, ஊசியால் கீறிப் படம் வரைந்து, அமிலத்தில் முக்கினால், கீறிய இடத்தில் மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தி எடுப்பது. எச்சிங் என்பது இதுதான். மூன்றாவது கல்லச்சு, அதாவது லித்தோ. 1790-களின் கடைசியில் மியூனிக்கில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்துக்கொண்டு வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் வரைந்து அச்சிடுவது. அதற்கு உகந்த கல் பவேரியாவில் ஸோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் கிடைத்தது. உலகம் முழுக்க அங்கிருந்துதான் போயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தின் பின்கட்டில் பழைய லித்தோ கல் ஒன்று துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. சோப்பு நுரைக்கு அடியில் ஏதோ லேபிளின் எழுத்து திருப்பிப்போட்டு மங்கலாகத் தெரியும்.

மரக்கட்டைக்கும் செப்புத் தகட்டுக்கும் தெரிந்தது கோடு. வண்ணம் தெரியாது. இலை அடர்ந்த மரத்தைக் கோட்டில் காட்டுவது பெரிய தலைவலி. பச்சைக் குவியல் கறுப்புக் குவியலாகிவிடும். இலை உதிர்ந்த மரமோ முழுக்கக் கோடு. அடிமரம், கிளை, கிளையில் கிளை, நுனியில் நரம்பு போன்ற குச்சி என்று பிரிந்துகொண்டே போகும். ரொமான்டிக் அச்சுப்படங்களில் இத்தனை மொட்டை மரங்கள் இருப்பதற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை. தொழிலும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். கைக்கு வருவதைத்தான் மனமும் தேடும்.

ஓக் கோல்பே

மரத்துக்காகவே வாழ்ந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் உண்டு. கார்ல் வில்ஹெல்ம் கோல்பே. பெர்லினில் பிறந்து டெஸ்ஸாவில் குடியேறியவர். அதே பெயரில் இன்னொரு ஓவியர் இருந்ததால் இவரை 'ஓக் கோல்பே' என்றே ஊரார் கூப்பிட்டார்கள். பிழைப்புக்கு பிரெஞ்சு கற்பித்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஓவியத்தை முழுமூச்சாகப் பிடித்தார். சுமார் 300 எச்சிங்குகள் செய்தார். தன்னைக் கலைஞனாக்கியவை மரங்கள்தான் என்று தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

டெஸ்ஸாவுக்கு வெளியே எல்பே நதிக்கரைப் புல்வெளிகளில் பழைய ஓக் மரங்கள் இப்போதும் தனித்தனியாக நிற்கின்றன. லைப்ஸிக் பக்கம் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தபோது ஒருநாள் அங்கே போய்வந்தேன். வெள்ளத்தில் நின்று, இடி வாங்கி, உள்ளே பொந்து விழுந்து, அப்படியும் ஒரு பக்கத்துக் கிளையில் தளிர்த்திருக்கும் மரங்கள். கோல்பேயின் படங்களில் இருப்பவை இவைதான். முறுக்கிய அடிமரம், முண்டும் முடிச்சுமான பட்டை, ஒரு பக்கம் பட்டுப்போய் மறுபக்கம் பச்சை. சில படங்களில் கிளைகள் கையை உயர்த்திக் கதறுகிற மனிதனைப் போல இருக்கும்.

இவருடைய இன்னொரு விநோதம் பூண்டுகள். நதிக்கரையில் முளைக்கிற சாதாரணச் செடிகளை, பெரிய இலைகளுள்ள களைகளை, மனிதர்களைவிடப் பெரிதாக வரைவார். 1801-ல் செய்த ஒரு எச்சிங்கின் பெயர் 'நானும் ஆர்க்கேடியாவில் இருந்தேன்'. ஆர்க்கேடியா என்பது பழைய கிரேக்கக் கற்பனையில் துன்பமே இல்லாத மேய்ச்சல் நிலம். படத்தில் இளம் ஜோடி ஒன்று கல்லறையின் முன் நிற்கிறது. இன்பமான நிலத்திலும் மரணம் உண்டு என்பது பழைய கருத்து. ஆனால் கோல்பே படத்தில் அந்த ஜோடியையும் கல்லறையையும் சேர்த்து விழுங்குவதுபோல் இலைகள் மண்டியிருக்கின்றன. மனிதன் சாவான், செடி இருக்கும் என்கிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

இவரைப் பற்றி இன்னொரு செய்தி நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். பிரெஞ்சு கற்பித்துப் பிழைத்த இதே கோல்பே, ஜெர்மன் மொழியில் பிரெஞ்சு முதலிய அந்நியச் சொற்களைக் கலப்பதைக் கண்டித்து 1809-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அப்போது ஜெர்மன் ராஜ்யங்கள் நெப்போலியனின் பிடியில் இருந்தன. மொழியைக் கழுவிச் சுத்தம் செய்வதும், சொந்த மண்ணின் மரத்தைக் கொண்டாடுவதும் ஒரே கையிலிருந்து வந்ததைக் கவனிக்கவேண்டும்.

தச்சர் தம்பியும் சிலந்தி வலையும்

இந்தக் காலத்து ஓவியர்களில் உலகமே அறிந்த பெயர் காஸ்பார் டாவிட் ஃப்ரீட்ரிஹ். 1774-ல் பால்டிக் கடலோரம் கிரைஃப்ஸ்வால்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். ஏழு வயதில் அம்மாவை இழந்தார். பதின்மூன்று வயதில், பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்து சகோதரர் ஒருவர் இறந்துபோனார். இவரைக் காப்பாற்றப் போய்த்தான் அந்தச் சகோதரர் இறந்தார் என்று குடும்பத்தில் சொல்வதுண்டு.

1803 வாக்கில் இவர் சில படங்களை மரக்கட்டை அச்சுக்காக வரைந்தார். கட்டையில் செதுக்கியது தச்சுவேலை செய்த தம்பி கிறிஸ்டியன். மூன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய படங்கள். ஒன்றில் கல்லறை மேட்டில் ஒரு சிறுவன் உறங்குகிறான். ஒன்றில் பாதாளத்தின் விளிம்பில் ஒரு பெண், பக்கத்தில் பட்ட மரம், அதில் ஒரு காக்கை. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. மொட்டை மரங்களுக்கு நடுவே முட்செடிகளின் அருகில் ஒரு பெண் கையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரு சிலந்தி வலை. அழுகை இல்லை, கல்லறை இல்லை. நெடுநேரமாக யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்பதை வலை சொல்லிவிடுகிறது. ட்யூரர் 1514-ல் செதுக்கிய 'மெலன்கோலியா' என்ற புகழ்பெற்ற படத்தில் இப்படித்தான் ஒரு பெண் கையில் தலையைத் தாங்கி உட்கார்ந்திருப்பாள். ஃப்ரீட்ரிஹ் அவளைக் கொண்டுவந்து மரங்களுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டார். தம்பியின் உளி அந்தச் சிலந்தி வலையின் ஒவ்வொரு இழைக்கும் இரண்டு பக்கமும் செதுக்கியிருக்கிறது. அந்தப் பொறுமையைத் தொழில் தெரிந்தவன் கும்பிடுவான்.

பிற்பாடு வரைந்த எண்ணெய் ஓவியங்களில் ஃப்ரீட்ரிஹ் மரங்களுக்கென்றே ஒரு அகராதி வைத்திருந்தார் எனலாம். மலையுச்சியில் சிலுவையும் சுற்றிலும் ஊசியிலை மரங்களுமாக வரைந்த ஓவியத்தை 1809-ல் ஒரு விமர்சகர் தாக்கினார். நிலக்காட்சி எப்படிக் கோயில் பீடத்தில் ஏறலாம் என்பது அவர் வாதம். அப்போது ஃப்ரீட்ரிஹ் தானே விளக்கம் கொடுத்தார். பாறை நம்பிக்கையின் உறுதி. எப்போதும் பச்சையாக நிற்கும் ஊசியிலை மரங்கள் மனிதர்களின் எதிர்பார்ப்பு. ஓக் மரத்துக்கு அவர் அப்படி விளக்கம் கொடுக்கவில்லை. ஆனால் 1810-ல் பெர்லினில் காட்சிக்கு வைத்த 'ஓக் காட்டில் மடம்' என்ற ஓவியத்தைப் பார்த்தால் போதும். இடிந்த கோவிலின் ஒற்றைச் சுவர், சுற்றிலும் முறிந்த ஓக் மரங்கள், கீழே பனியில் துறவிகள் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிப்போகிறார்கள். பழைய உலகம் செத்துவிட்டது. ஆனால் வானத்தில் மேலே கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. பிரஷ்ய மன்னர் அதை வாங்கிக்கொண்டார்.

பதக்கத்தில் ஏறிய இலை

ஓக் மரத்துக்கு ஜெர்மானியர்களிடம் பழைய கதை உண்டு. எட்டாம் நூற்றாண்டில் போனிஃபேஸ் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் அவர்களுடைய இடித்தேவனுக்கு உரிய ஓக் மரத்தை வெட்டி, அந்தக் கட்டையாலேயே ஜெபக்கூடம் கட்டினார் என்பது சரித்திரம். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு, 1772-ல், கோட்டிங்கன் நகரத்தில் இளம் கவிஞர்கள் சிலர் ஊருக்கு வெளியே ஓக் மரத்தடியில் நின்று கைகோத்துச் சபதம் செய்து ஒரு சங்கம் அமைத்தார்கள். வெட்டிய மரம் கவிதையில் மறுபடி தளிர்த்துவிட்டது.

ஃப்ரீட்ரிஹின் ஓவியம் பெர்லினில் தொங்கிய அதே 1810-ல் ஒரு லித்தோ படமும் வெளிவந்தது. செய்தவர் கார்ல் ஃப்ரீட்ரிஹ் ஷிங்கெல். பிற்காலத்தில் பெர்லினின் பெரிய கட்டடங்களைக் கட்டியவர். முன்னால் விரிந்து பரந்த ஓக் மரம், அதன் பின்னால் கோதிக் பாணிக் கோவில், அடியில் சமாதிகள். கோவிலிலிருந்து வரும் வழிபாட்டு ஒலியைக் கேட்கும்போது நெஞ்சில் நிறையும் இனிய ஏக்கத்தை வெளிப்படுத்தும் முயற்சி என்று நீளமாகத் தலைப்பு வைத்தார். அது லித்தோ வந்து பத்துப் பன்னிரண்டு வருஷமே ஆன காலம். புதுத் தொழில்நுட்பத்தில் பழங்காலத்து ஏக்கம். இங்கே ஓக் மரம் செத்த மரமில்லை. கோவிலோடு போட்டிபோட்டு வளர்ந்த பச்சை மரம்.

மூன்று வருஷம் கழித்து, 1813 மார்ச் மாதத்தில், பிரஷ்யா நெப்போலியனுக்கு எதிராக எழுந்தது. ஃப்ரீட்ரிஹின் ஓவியத்தை வாங்கிய அதே மன்னர், வீரர்களுக்குக் கொடுக்க ஒரு புதுப் பதக்கம் வேண்டும் என்றார். தங்கமில்லை, இரும்பு. 'இரும்புச் சிலுவை' என்று பின்னாளில் உலகம் அறிந்தது இதுதான். மன்னர் போட்ட குறிப்பை வைத்து வடிவமைத்துக் கொடுத்தவர் ஷிங்கெல். சிலுவையின் நடுவில் அவர் வைத்தது மூன்று ஓக் இலைகள்.

நான் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவேன். ஒரே கை. ஒரே மரம். 1810-ல் சமாதியின்மேல் நிழல் தந்த இலை, 1813-ல் சிப்பாயின் மார்பில் குத்தப்பட்டது. அப்போது அதில் தப்பும் இல்லை. அந்நியப் படையை விரட்டப் போனவர்களுக்கான பதக்கம். 1817-ல் வார்ட்புர்க் கோட்டையில் சுதந்திரமும் ஒற்றுமையும் கேட்டுக் கூடிய மாணவர்களும் ஓக் இலை சூடித்தான் போனார்கள். அவர்கள் கேட்டதை 1819-ல் அரசுகள் சட்டம் போட்டு அடக்கின. ஆக, இலை அரசாங்கத்திடமும் இருந்தது, அரசாங்கத்தை எதிர்த்தவர்களிடமும் இருந்தது.

இங்கிலாந்தில் இதே ஓக் மரத்துக்கு வேறு வேலை. அங்கே அது கப்பல் கட்டும் மரம், அதனால் கடற்படை. 1651-ல் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ் ஒளிந்துகொண்ட மரம், அதனால் ராஜவிசுவாசம். 1820-களில் ஜேக்கப் ஜார்ஜ் ஸ்ட்ரட் என்பவர் இங்கிலாந்தின் பெரிய மரங்களை ஊர் ஊராகப் போய் வரைந்து, பிரபுக்களுக்கு உருவப்படம் வரைவதுபோல எச்சிங் செய்து வெளியிட்டார். பிரான்ஸில் புரட்சிக்காரர்கள் ஊர் நடுவே 'சுதந்திர மரம்' நட்டார்கள். அந்தப் படைகள் போன ஜெர்மன் ஊர்களிலும் நட்டார்கள். எல்லைக்கு எல்லை மரத்தின் அரசியல் மாறிற்று.

நம் நாட்டு மரங்களும் இந்த அச்சு உலகத்தில் நுழைந்தன. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1786 முதல் இந்தியாவில் சுற்றி, 1792-ல் மதராஸிலிருந்து புறப்பட்டுத் தெற்கே நம் பக்கமெல்லாம் வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் அருவிகூட அவர்கள் படத்தில் இருக்கிறது. லண்டனில் 1795-லிருந்து 1808 வரை 144 அச்சுப்படங்களாக வெளியிட்டார்கள். அதில் கயாவின் மரம் ஒன்று உண்டு. 'இந்துக்களின் புனித மரம்' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நமக்கானால் அந்தத் தலைப்பு வேண்டாம். மரத்தடியைப் பார்த்தாலே கை தானாகக் கூப்பிக்கொள்ளும். லண்டனில் வாங்குகிறவருக்குச் சொன்னால்தான் தெரியும். இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, அர்த்தம் மரத்தில் இல்லை. மரத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதில் இருக்கிறது. சிலந்தி வலை இருந்தால் தனிமை. சமாதி இருந்தால் ஏக்கம். கிரீடமும் வருஷமும் இருந்தால் யுத்தம்.

ஒரு மரம் தீப்பிடித்தது

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ரீட்ரிஹ் 1840-ல் ட்ரெஸ்டனில் ஏறக்குறைய மறக்கப்பட்டவராகக் காலமானார். கோல்பே அதற்கு ஐந்து வருஷம் முன்பே போய்விட்டார். 1906-ல் பெர்லினில் நடந்த பெரிய கண்காட்சியில் ஃப்ரீட்ரிஹ் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டார். 1933-க்குப் பிறகு நாஜிகள் அவரைத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள். செத்துத் தொண்ணூறு வருஷம் ஆனவரால் மறுக்கமுடியாதே. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், நம் தியான்சந்த் தலைமையில் ஹாக்கி தங்கம் வென்றோமே, அந்த விளையாட்டுகளில் தங்கம் வென்றவர்களுக்குப் பதக்கத்தோடு ஓக் கன்றும் தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். 1940-ல் இரும்புச் சிலுவை வரிசையில் 'ஓக் இலை' என்றே ஒரு உயர் பதக்கம் வந்தது.

மகாகவி கெதே வாழ்ந்த வைமார் நகரத்துக்கு மேலே எட்டர்ஸ்பர்க் என்ற குன்று இருக்கிறது. கெதே உலாவப் போகும் இடம். 1937-ல் அங்கே காட்டை வெட்டி ஒரு வதைமுகாம் கட்டினார்கள். முதலில் குன்றின் பெயரையே வைப்பதாக இருந்தது. கெதேயின் நினைவோடு சேர்ந்த பெயராயிற்றே என்று வைமாரின் கலாசாரச் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள். முகாமுக்கு அல்ல, பெயருக்குத்தான் ஆட்சேபம். அதனால் புஷன்வால்ட் என்று வைத்தார்கள். 'பீச் மரக் காடு' என்று அர்த்தம்.

காட்டை வெட்டியவர்கள் ஒரு பழைய ஓக் மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் நின்ற அதைக் கைதிகள் 'கெதே மரம்' என்றார்கள். கெதே அதனடியில் உட்கார்ந்தாரா என்பதல்ல விஷயம். முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு வேறொரு ஜெர்மனி இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. 1944 ஆகஸ்ட் 24-ல் நேச நாட்டு விமானங்கள் பக்கத்து ஆயுதத் தொழிற்சாலையைக் குண்டு போட்டுத் தகர்த்தபோது மரமும் தீப்பிடித்தது. பிறகு வெட்டிவிட்டார்கள். லியோன் டெலார்ப்ர் என்ற பிரெஞ்சுக் கைதி அந்தப் பட்ட மரத்தை முகாமுக்குள்ளேயே ரகசியமாக வரைந்தார். ப்ரூனோ ஆபிட்ஸ் என்ற ஜெர்மன் கைதி அந்தக் கட்டையில் ஒரு துண்டை ஒளித்துவைத்து, செத்துப்போகும் மனிதனின் முகத்தைச் செதுக்கினார். 'கடைசி முகம்' என்று அதற்குப் பெயர். முகாமில் இறந்தவர்கள் சுமார் 56,000 பேர்.

வைமாரிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே அங்கே போகலாம். மகளுடன் போய்வந்தேன். அடிமரம் மட்டும் இன்னும் இருக்கிறது. டெலார்ப்ர் வரைந்த மரத்தையும் கோல்பேயின் பட்ட ஓக் மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடுகள் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஒன்று நதிக்கரையில் நின்றது, இன்னொன்று சலவைக்கூடத்தின் அருகில் நின்றது. அதுதான் வித்தியாசம்.

யுத்தம் முடிந்தபின் ஃப்ரீட்ரிஹின் பெயரைச் சொல்லவே கொஞ்ச காலம் கூசினார்கள். 1972-ல் லண்டனிலும் 1974-ல் ஹாம்பர்கிலும் கண்காட்சி வைத்துத்தான் மெல்ல மீட்டார்கள். 2024-ல் அவருடைய 250-வது பிறந்த வருஷத்தை ஜெர்மனி பெரிதாகக் கொண்டாடியது. அவருடைய ஓவியங்களில் பனியில் ஓக் மரங்களும் இடிந்த கோவிலுமாக இருந்த 'மடத்துக் கல்லறை' 1945-ல் பெர்லினில் எரிந்துபோயிற்று. இன்று அது இருப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில்தான். மூலம் போய்ப் பிரதி நிற்கிறது.

ஓக் மரத்தை என்ன செய்தார்கள்? அவர்கள் அதை வெட்டி எறியவில்லை. 1949-ல் மேற்கு ஜெர்மனி புது நாணயம் அடித்தபோது 50 ஃபென்னிக் காசில் ஒரு பெண்ணை வைத்தார்கள். யுத்தத்தில் அழிந்த காடுகளில் மறுபடி கன்று நட்ட பெண்களை நினைத்துச் செய்தது. தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி மண்டியிட்டு, இரண்டு கையாலும் சின்ன ஓக் கன்று ஒன்றை மண்ணில் ஊன்றுகிறாள். யூரோ வரும்வரை ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காசு காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் கைமாறிக்கொண்டிருந்தது. மகள் வீட்டுப் பக்கத்துச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவரிடம் ஒன்று வாங்கிவந்தேன். தேய்ந்த காசு. கன்றின் கிளைகள் பாதி அழிந்துவிட்டன. அந்தப் பெண்ணின் முதுகு வளைவு மட்டும் நன்றாகத் தெரிகிறது.